ஸ்கேனில் ஒன்றும் இல்லை, பையன் கண் திறக்கவில்லை

விபத்துப் பிரிவில் வேலை பார்க்கும் எவரும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருப்பார்கள். "ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லைங்கிறீங்க. ஹெல்மெட்டும் போட்டிருந்தான். அப்புறம் ஏன் டாக்டர் கண்ணே திறக்க மாட்டேங்கிறான்?"

கேட்பவர் பெரும்பாலும் அப்பா. வேகமாக பைக்கில் போய் மோதிய பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். தலையில் ஒரு சிராய்ப்புகூட இருக்காது.

மூளை மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் உறுப்பு. வேகமாகப் போகும் பைக் எதிலாவது மோதும்போது வண்டி நிற்கிறது, தலையும் நிற்கிறது, மூளை மட்டும் நிற்பதில்லை. அது உள்ளுக்குள் சுழன்று திரும்பும்போது, ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. ரத்தக்கட்டு என்றால் சி.டி. ஸ்கேனில் தெரியும், அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம். அறுந்த இழைகள் சி.டி.யில் பல நேரம் தெரிவதே இல்லை. எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தாலும் அவற்றைத் தைத்து ஒட்டும் வைத்தியம் எங்களிடம் கிடையாது. சிலர் சில வாரங்களில் விழித்துக்கொள்கிறார்கள். சிலர் மாதக்கணக்கில் கழித்து விழித்தாலும் பெற்ற தாயை அடையாளம் தெரியாமல் பார்க்கிறார்கள்.

ஹெல்மெட் போட்டும் பயனில்லையா என்று கேட்காதீர்கள். அது இல்லாமல் போயிருந்தால் அந்தப் பையன் மருத்துவமனை வரைக்கும் வந்திருக்கவே மாட்டான். ஆனால் மண்டை உடையாமல் காக்கும் அளவுக்கு, உள்ளே மூளை சுழல்வதை ஹெல்மெட்டால் தடுக்க முடியாது. அதைப் பெரிதும் தீர்மானிப்பது மோதும்போது இருந்த வேகம். காரில் சீட் பெல்ட் போட்டிருந்தாலும் அதே கதைதான். நெஞ்சுக்கூடு நின்ற பிறகும் இதயம் முன்னால் போகப் பார்க்கும். அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிந்தால் பெரும்பாலோர் சாலையிலேயே இறந்துவிடுவார்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் இரண்டு மடங்குதான் ஆகும் என்று பலரும் நினைக்கிறார்கள். நான்கு மடங்காகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 80 என்றால் 25 மீட்டர், எட்டாவது மாடி.

80இல் போகிறவர் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறார். ராத்திரியில் மீடியன் இடைவெளியில் ஒரு மாடு வருகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். நல்ல டயர், காய்ந்த சாலை என்றாலும் அதற்கப்புறம் நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். மொத்தம் 60 மீட்டர். டிம் லைட்டில் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிவதே அரிது. மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் நேர்ந்ததாகப் பதிவான விபத்துகளில் இறந்தவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். 17,884 பேரை இழந்தோம்.

2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பல உயிர்களைக் காத்த நல்ல திட்டம். ஆனால் நான் மேலே சொன்ன பையனுக்கு 48 மணி நேரம் என்பது ஆரம்பம்தான். மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, பிசியோதெரபி என்று வருஷக்கணக்கில் ஓடும். பெரும்பாலும் அம்மா வேலையை விடுவார், அக்காவின் கல்யாணம் தள்ளிப்போகும்.

இத்தனைக்கும் வேகமாகப் போவதால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கி.மீ. 80இல் போனால் 30 நிமிடம், 100இல் போனால் 24. பண்டிகை நாளில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையிலேயே அந்த ஆறு நிமிடம் கரைந்துவிடும்.

ஓட்டுபவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கூட உட்கார்ந்து வருகிறவர்கள் வாயைத் திறப்பதில்லை என்பதே என் பெரிய வருத்தம். "அவர் நல்லா ஓட்டுவாரு" என்று பின்சீட்டில் தூங்கிவிடுகிறார்கள். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு என்று ஓட்டுநரை விரட்டுவதும் நாம்தான். மகனுக்கு பைக் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், அது எவ்வளவு வேகம் போகும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அதிகமென்றால் ஷோரூமிலேயே வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம். வாடகை வண்டியில் ஏறும்போதே, "80ஐத் தாண்ட வேண்டாம் அண்ணே, லேட்டானாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த சவாரி தவறிவிடும் என்று அவர் பதறினால், கூடுதலாக ஆகும் நேரத்துக்கும் சேர்த்து வாடகை பேசிக்கொள்ளுங்கள். முகூர்த்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு போன் போட்டு, தாமதமாக வருவோம் என்று சொன்னால் போதும்.