லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட்: ஊர்க்காரர் சங்கமே தவிர ‘நாட்டவர் கழகம்’ அன்று

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அமெரிக்க யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தமிழில் எழுதுகிறவர்களிடம் ‘நாட்டவர் கழகம்’ என்றொரு தொடர் தொற்றிக்கொண்டிருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் உள்ள லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட் என்ற சொல்லுக்கு நேர்த்தமிழ் என்று அதைப் போடுகிறார்கள். ஒருவர் போட்டதை அடுத்தவர் எடுத்தாள, இப்போது அது கலைச்சொல் போலவே புழங்குகிறது. தவறான சொல். அந்த அமைப்பு எதற்காகத் தோன்றியது என்பதையே இச்சொல் மறைத்துவிடுகிறது.

பிறப்பு எளிது. ஜெர்மனில் லாண்ட் என்றால் நாடு, நிலப்பகுதி. மான் என்றால் ஆள். ஷாஃப்ட் என்பது கூட்டத்தையோ நிலையையோ குறிக்கும் விகுதி. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரே வட்டாரத்திலிருந்து படிக்க வந்த மாணவர்கள் சேர்ந்துகொண்ட குழுக்களுக்கு இந்தப் பெயர் இருந்தது. யித்திஷ் இதை எடுத்துக்கொண்டு தன் வழக்குக்கு ஏற்பப் பொருளைச் சுருக்கியது. யித்திஷில் லாண்ட்ஸ்மன் என்றால் என் ஊரிலிருந்து வந்தவன். பன்மை லாண்ட்ஸ்லைட். அவர்கள் சேர்ந்து அமைக்கும் சங்கம் லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட்.

அகராதியில் ‘லாண்ட் = நாடு’ என்று பார்த்த கையோடு ‘நாட்டவர்’ என்று எழுதினால் என்ன கெடுகிறது? பியாலிஸ்டோக்கை எடுத்துக்கொள்ளலாம். முதல் உலகப் போருக்கு முன் அது ரஷ்யப் பேரரசில் இருந்தது. போரின்போது ஜெர்மன் படை பிடித்தது. போருக்குப் பின் போலந்துக்குப் போனது. லெம்பெர்க் ஆஸ்திரியாவிலிருந்து போலந்துக்குக் கைமாறியது. செர்னோவிட்ஸ் ஆஸ்திரியாவிலிருந்து ருமேனியாவுக்கு மாறியது. நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் இருந்த பியாலிஸ்டோக்காரர்கள் இந்த மாற்றங்களுக்காகச் சங்கத்தின் பெயர்ப்பலகையை மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை, ஏனென்றால் பலகையில் இருந்தது ஊர்ப்பெயர். ‘நாட்டவர்’ என்றால் எந்த நாட்டவர்? ஜார் மன்னனின் ஆட்சியை விட்டு ஓடிவந்த தையல்காரர் ஒருவர் தன்னை அந்த நாட்டவராக நினைத்துச் சங்கம் சேர்ந்தார் என்று வாசகர் புரிந்துகொண்டால், அந்தப் பிழைக்கு மொழிபெயர்ப்பாளரே பொறுப்பு.

வார்சாவிலிருந்து வந்தவரும் பியாலிஸ்டோக்கிலிருந்து வந்தவரும் ஒரே பேரரசின் குடிகளாக இருந்தவர்கள்தாம். ஆனாலும் ஒருவருக்கு மற்றவர் லாண்ட்ஸ்மன் இல்லை. ‘ஒரு யூதர் எங்கிருந்து வருகிறார்?’ என்று அறிமுகமில்லாத யூதரைப் பார்த்துக் கேட்பது யித்திஷ் பேச்சில் வழக்கமான முதல் கேள்வி. பதிலாக நாட்டின் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்று நாம் கேட்பதும் இதே கேள்விதான். அப்படியிருக்க, கைக்குள் இருக்கும் ‘ஊர்’ என்ற சொல்லை விட்டு ‘நாடு’ என்ற சொல்லுக்குத் தாவ எந்த அவசியமும் இல்லை.

இதற்குக் கல்வெட்டுச் சான்றோடு ஒரு மறுப்பு வரும். சோழர் காலத்தில் நாடு என்பது சில ஊர்களின் தொகுதிதானே, நாட்டார் என்பது அந்த வட்டாரத்தின் அவைதானே, அதனால் ‘நாட்டவர்’ சரிதானே என்பார்கள். வரலாறு சரி. ஆனால் இன்று ‘நாட்டவர்’ என்று படிக்கிறவர் மனத்தில் கடவுச்சீட்டும் எல்லைக்கோடும்தான் வரும். பத்தாம் நூற்றாண்டுப் பொருளை நம்பி இருபதாம் நூற்றாண்டுச் சங்கத்துக்குப் பெயர் வைக்க முடியாது. அதே கல்வெட்டுகளில் ஊர் என்பதும் ஓர் அவையின் பெயர். கல்வெட்டையே துணைக்கு அழைத்தாலும் ‘ஊர்’தான் லாண்ட்ஸ்மன்ஷாஃப்டுக்கு நெருக்கமாக வருகிறது.

‘நாட்டவர்’ என்ற சொல் ஓரளவு பொருந்தும் இடம் ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். போலந்து யூதர் கூட்டமைப்பு, கலீசிய (முன்பு ஆஸ்திரியாவின் மாகாணமாக இருந்த பகுதி) யூதர்களின் கூட்டமைப்பு என்று பல ஊர்களின் சங்கங்களை ஒரே குடைக்குள் கொண்டுவந்த பெரிய அமைப்புகள் இருந்தன. அவற்றைக் கூட்டமைப்பு என்றே எழுதலாம். அவை லாண்ட்ஸ்மன்ஷாஃப்டுகள் சேர்ந்தவை. தனித்தனிச் சங்கத்துக்கு அந்தப் பெயர் ஆகாது.

வேறு சிலர் ‘இனச் சங்கம்’ என்கிறார்கள். அங்கே எல்லாரும் யூதர்கள், எல்லாரும் ஒரே இனம். அந்த ஒரே இனத்துக்குள்தான் நியூயார்க் நகரில் மட்டும் ஆயிரக்கணக்கான சங்கங்கள் தனித்தனியாக இருந்தன. 1938இல், அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ் இயங்கிய யித்திஷ் எழுத்தாளர் குழு நியூயார்க் சங்கங்களைக் கணக்கெடுத்து நூலாக வெளியிட்டது. அந்தக் கணக்கில் வந்தவை 2,000க்கும் மேல். இவற்றைப் பிரித்துக் காட்டியது பிறந்த ஊர், அதற்கு அடுத்தபடி அரசியலும் சமயப் பழக்கமும். பெரிய ஊராக இருந்தால் ஒரே ஊருக்குத் தொழுகைக்கூடம் சார்ந்த சங்கம் ஒன்று, சமயம் கலக்காத உதவிச் சங்கம் ஒன்று, சோசலிசத் தொழிலாளர் வட்டத்தின் கிளை ஒன்று, பெண்களின் துணைச் சங்கம் ஒன்று, இளைஞர் சங்கம் ஒன்று என்று நாலைந்து இருக்கும். இனம் என்ற சொல் இதில் எதையும் விளக்காது. ‘சாதிச் சங்கம்’ என்று எழுதும் துணிச்சலும் சிலருக்கு இருக்கிறது. தமிழ் வாசகருக்கு அது தரும் படம் அடியோடு வேறு.

சரியான சொல் எது? நான் முன்வைப்பது ‘ஊர்க்காரர் சங்கம்’. ‘அவர் எங்க ஊர்க்காரர்’ என்று நாம் சொல்லும்போது இருக்கும் உரிமையும் நெருக்கமும்தான் லாண்ட்ஸ்மன் என்ற சொல்லிலும் இருக்கின்றன. வெளியூரில் இருக்கும்போதுதான் ஒருவர் நமக்கு ஊர்க்காரர் ஆகிறார், ஊருக்குள்ளேயே இருக்கும்போது அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. லாண்ட்ஸ்மனும் அப்படியே. லாண்ட்ஸ்லைட் என்பதற்கு ‘ஊர்ச்சனம்’ என்று எழுதலாம். ‘ஊரார் சங்கம்’ ஏன் கூடாது என்றால், தமிழில் ஊரார் என்ற சொல் பல இடங்களில் நமக்கு வேண்டியவரை விட்டுவிட்டு மற்றவரைக் குறிக்கிறது. ‘ஊரார் வீட்டுப் பிள்ளை’, ‘ஊரார் என்ன சொல்வார்கள்’ என்பவற்றில் அது அயலாரையே சுட்டுகிறது. டொரான்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாழும் ஈழத்தமிழர்கள் தங்கள் ஊர்ப்பெயரில் நடத்தும் அமைப்புகளை ‘ஊர்ச்சங்கம்’ என்கிறார்கள். அதுவும் நல்ல சொல், அவர்களுக்காக எழுதும்போது அதையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு வாசகர் மட்டும் அதை ஊரிலேயே இருக்கும் சங்கம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால் ‘ஊர்க்காரர்’ பாதுகாப்பானது. ‘சங்கம்’ வடசொல், ‘கழகம்’ என்று போடுங்கள் என்பாரும் உண்டு. தூய்மையில் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் சந்தா கட்டி உறுப்பினராகும் அமைப்புக்குத் தமிழர் எல்லாரும் வாய்விட்டுச் சொல்லும் பெயர் சங்கம்தான். தெளிவைப் பலிகொடுத்து வரும் தூய்மை எனக்கு வேண்டாம்.

இந்தச் சங்கம் செய்த வேலை தெரிந்தால் மற்றப் பிழைகளும் கண்ணில் படும். ஊர்க்காரர் சிலர் கூடி யித்திஷில் ஒரு சட்டதிட்டப் புத்தகம் எழுதுவார்கள், பிற்காலத்தில் ஆங்கிலமும் பக்கத்தில் சேரும். மாநிலச் சட்டப்படி சங்கத்தைப் பதிவு செய்வார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்குவார்கள். குவீன்ஸில் உள்ள மவுண்ட் ஹெப்ரானில் இன்றும் அந்தப் பகுதிகளைப் பார்க்கலாம்: ஒவ்வொரு பகுதிக்கும் தனி வாயில், வாயில் தூணில் சங்கத்தின் பெயர், அதன்கீழ் தலைவர், செயலாளர், அறங்காவலர் பெயர்கள் என்று கல்லில் வெட்டியிருக்கும். புதிதாகச் சேர வருபவருக்கு வயது வரம்பு உண்டு, சங்க மருத்துவர் உடலைப் பரிசோதிப்பார், பிறகு கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்கும். உறுப்பினர் படுத்துவிட்டால் வாரப்படி கிடைக்கும். பார்த்துவர ஆள் அனுப்புவார்கள். அதற்கென்று நியமிக்கப்பட்ட பொறுப்பாளரே இருப்பார். இறந்தால் அடக்கச் செலவும், குடும்பம் துக்கம் காக்கும் ஏழு நாளுக்கான தொகையும் சங்கத்துடையது. உறுப்பினர் உடையில் குத்திக்கொள்ளும் சங்க நாடாப் பட்டை இரண்டு முகம் கொண்டது. விழாவில் நிறமுள்ள பக்கம் வெளியே தெரியும். சாவு ஊர்வலத்தில் அதையே திருப்பி, ‘நினைவாக’ என்று எழுதிய கறுப்புப் பக்கத்தைக் குத்திக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் உறுப்பினர் சந்தா கட்டியிருக்கிறார். கிடைப்பது அவருக்கு உரிமையானது. அப்படிப்பட்ட சங்கத்தின் பெயரில் ‘பெனவலன்ட்’ (ஆங்கிலத்தில் ‘நன்மை செய்யும்’) என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ‘தரும ஸ்தாபனம்’ என்று எழுதுகிறார்கள். பிச்சை கேட்டு நிற்காமல் இருப்பதற்காகவே தொடங்கிய அமைப்பைத் தருமம் என்பது அந்த மக்களின் தன்மானத்துக்கே எதிரானது. நகரத்தின் பணக்கார ஜெர்மானிய யூதர்கள் நடத்திய அறநிலையங்களில் கைநீட்டப் பிடிக்காமல்தான் பலர் இந்தச் சங்கங்களில் சேர்ந்தார்கள். ‘பரஸ்பர சகாயம்’ என்ற பழைய தொடர் நம்மிடம் நிதி நிறுவனப் பெயர்களிலேயே இருக்கிறது. வடமொழி நெருடினால் ‘ஒருவர்க்கொருவர் உதவிச் சங்கம்’ என்று எழுதலாம்.

‘லாட்ஜ்’ என்பதை ‘விடுதி’ ஆக்குவது இன்னொரு கொடுமை. பினாய் பிரித் 1843இல் நியூயார்க்கின் எசெக்ஸ் தெருவில் பன்னிரண்டு ஜெர்மானிய யூதர்கள் தொடங்கிய அமைப்பு. பெயரின் பொருள் ‘உடன்படிக்கையின் மக்கள்’. அதன் லாட்ஜில் யாரும் அறையெடுத்துத் தங்கவில்லை. லாட்ஜ் என்றால் சடங்கும் கடவுச்சொல்லும் கொண்ட கிளை, ‘கிளை மன்றம்’ என்றால் போதும். அதுபோல ‘ஆர்டர்’ என்பதை ‘ஆணை’ ஆக்கி, பிரித் ஆபிரகாமின் சுயேச்சை அமைப்பைச் ‘சுதந்திர ஆணை’ என்று அச்சிட்டால், வாசகர் ஏதோ அரசாணை என்றே நினைப்பார். முதல் உலகப் போர்க் காலத்தில் 2,00,000 உறுப்பினரைத் தாண்டியிருந்த யூத அமைப்பு அது.

‘ஃப்ரட்டர்னிட்டி’யைச் ‘சகோதரத்துவம்’ என்பதும் இப்படித்தான். சகோதரத்துவம் ஒரு பண்பு. ஃப்ரட்டர்னிட்டி ஓர் அமைப்பு, அதில் ஆள் சேரலாம், விலகலாம், சந்தா பாக்கி வைக்கலாம். 1924இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் உருவான அலெஃப் சாடிக் அலெஃப், கல்லூரி மாணவரின் கிரேக்க எழுத்துக் குழுக்களைப் பார்த்து ஹீப்ரு எழுத்துகளால் பெயர் வைத்துக்கொண்ட பையன்களின் அமைப்பு. அடுத்த ஆண்டே பினாய் பிரித் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ‘யூத இளைஞர் சகோதரத்துவம் ஒமாஹாவில் தோன்றியது’ என்று எழுதினால் ஒரு உணர்ச்சி தோன்றியதாகத்தான் படும். ‘இளைஞர் தோழமை மன்றம்’ என்றால் குழப்பமில்லை.

ஊர்க்காரர் சங்கங்கள் தளர்ந்ததற்குக் காரணம் எழுதும் இடத்திலும் சொல் முக்கியமாகிறது. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பியர் வருகையை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. ஊரிலிருந்து புதிதாக ஆள் வருவது நின்றதும் சங்கத்தின் சராசரி வயது ஏறியது. சாவுக்குச் சாவு எல்லாரிடமும் ஒரே அளவில் தொகை பிரித்த சங்கங்களில் மரணங்கள் கூடக் கூட வசூலும் கூடியது. இளையவர் கணக்குப் பார்த்து விலகினார்கள், அதனால் மிச்சம் இருந்தவர்மேல் சுமை இன்னும் ஏறியது. 1930களின் பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சி வந்தபோது சந்தா கட்ட முடியாதவர் பெருகினார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு நியூயார்க்தான் ஊர், பியாலிஸ்டோக் அப்பாவின் ஊர். ‘ஊர்க்காரர் சங்கம்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை ஏன் சேரவில்லை என்பது வாசகருக்குத் தானே விளங்கும். ‘நாட்டவர் கழகம்’ என்று எழுதிவிட்டு அதை விளக்க ஒரு பத்தி அடிக்குறிப்புப் போட வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்க்கிறவர்கள் முதல்முறை வரும் இடத்தில் ‘லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட் எனப்படும் ஊர்க்காரர் சங்கம்’ என்று முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருமிடமெல்லாம் ‘ஊர்க்காரர் சங்கம்’ என்று விட்டால் போதும். ஊர்ப்பெயரோடு வரும்போது ‘பியாலிஸ்டோக் ஊர்க்காரர் சங்கம்’ என்றே எழுதலாம், நாட்டின் பெயரை அதில் நுழைக்க வேண்டாம்.