கீரைக்குள் எவ்வளவு காட்மியம் போனது என்று எப்படி அளக்கிறார்கள்?

காட்மியம் உடலுக்குக் கெடுதலான ஒரு உலோகம். ஒரே அளவு காட்மியம் கலந்த இரண்டு மண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் கிலோவுக்கு 2 மில்லிகிராம். ஒன்று அமில மண், பிஎச் 5.5. இன்னொன்று காரம் சற்று தூக்கலான மண், பிஎச் 7.5. இரண்டிலும் ஒரே கீரை விதையைப் போட்டு, ஒரே மாதிரி தண்ணீர் விட்டு வளர்த்து இலையைச் சோதித்தால், அமில மண்ணில் வளர்ந்ததில் காட்மியம் பல மடங்கு கூடுதலாக இருக்கும். மண்ணில் உலோகம் எவ்வளவு என்று மட்டும் அளந்துவிட்டு இங்கே காய்கறி போடலாம், அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. செடியையும் அளந்தாக வேண்டும்.

செடி காட்மியத்தைத் தேடிப் போவதில்லை. இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகிய சத்துகளை உள்ளே இழுப்பதற்காக வேரின் செல் சவ்வில் சில புரதங்கள் இருக்கின்றன. காட்மியம் அவற்றின் வழியாகவே நுழைந்துவிடுகிறது. துத்தநாகம் குறைவான மண்ணில் காட்மியம் அதிகமாக ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்சனிக்கின் ஒரு வடிவம் பாஸ்பேட்டுக்கான வழியில் போகிறது. காரீயத்தின் கதை வேறு. அது மண்ணிலேயே பாஸ்பேட்டோடும் கரிமப் பொருளோடும் இறுகப் பிடித்துக்கொள்ளும், தப்பி வேர்வரை வந்தாலும் வேரின் செல்சுவரில் பெரும்பகுதி தங்கிவிடும். அதனால்தான் தக்காளி மாதிரியான காய்களில் காரீயம் பொதுவாகக் குறைவு, இலையிலும் கிழங்கிலும் அதிகம்.

செடியைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா என்றால், காட்மியத்தில் முடியாது. துத்தநாகமோ தாமிரமோ அளவு மீறினால் நமக்குக் கெடுதல் வரும் முன்பே செடி வாடிவிடும். இதை மண்-செடித் தடுப்பு என்று அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய ரூஃபஸ் சேனி விளக்கினார். காட்மியம் இந்தத் தடுப்பில் சிக்குவதில்லை. மனித உடலுக்குக் கெடுதலான அளவு உள்ளே இருக்கும்போதும் இலை பச்சைப்பசேல் என்று செழிப்பாகவே நிற்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவு கலந்த நீரைப் பாய்ச்சி விளைவித்த அரிசியைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, எலும்புகள் நொறுங்கி, வலி தாங்காமல் துடித்தார்கள். அந்த நோய்க்குக் காரணம் காட்மியம் என்று ஜப்பான் அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

சரி, அளப்பது எப்படி? மண்ணில் இரண்டு தனித்தனி அளவுகள் வேண்டும். முதலாவது மொத்த அளவு. மண்ணைக் காயவைத்து, சலித்து, நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகத்தில் வேகவைத்து உலோகங்களை வெளியே கொண்டுவருகிறார்கள். இரண்டாவது, வேருக்குக் கிடைக்கக்கூடிய அளவு. இதற்கு வீரியம் குறைந்த கரைசல் போதும். டிடிபிஏ என்ற, உலோகத்தைப் பிடித்து இழுக்கும் வேதிப்பொருள் கலந்த கரைசலிலோ நீர்த்த கால்சியம் குளோரைடிலோ மண்ணைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, கரைந்து வந்ததை மட்டும் அளக்கிறார்கள். பிஎச் குறையும்போது மண் துகள்கள் பிடித்துவைத்திருந்த காட்மியம் பிடி தளர்ந்து நீருக்குள் இறங்குகிறது. மேலே சொன்ன இரண்டு மண்ணும் மொத்த அளவில் சமமாக இருந்தாலும் இங்கே பிரிந்துவிடும்.

அப்புறம் செடி. இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன, அதிலும் காரீயத்தில். மழைத்துளி தெறித்து, காற்றில் தூசி பறந்து, இலை மேல் மண் ஒட்டிக்கொள்ளும். சுருக்கம் விழுந்த இலைகளின் மடிப்புக்குள் புகுந்த மண்ணைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, பிறகு அயனி நீக்கிய நீரில் அலசினாலும் முழுசாக எடுப்பது கடினம். ஒட்டியிருக்கும் மண்ணின் காரீயத்தையும் சேர்த்து அளந்துவிட்டு "வேர் உறிஞ்சியது இவ்வளவு" என்று எழுதினால் அது பொய்க் கணக்கு.

இதைப் பிடிக்க ஒரு அழகான வழி உண்டு, டைட்டானியம். மண்ணில் அது ஏராளமாக இருக்கிறது, செடியோ அதை ஏறத்தாழ தொடுவதே இல்லை. அதனால் இலையில் டைட்டானியம் தென்பட்டால் அது பெரும்பாலும் ஒட்டிய மண்ணிலிருந்து வந்தது. மண்ணில் கிலோவுக்கு 4000 மில்லிகிராம் டைட்டானியமும் 500 மில்லிகிராம் காரீயமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காய்ந்த இலைப்பொடியில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் டைட்டானியம் வந்தால், அந்தப் பொடியில் நூற்றில் ஒரு பங்கு மண். அந்த மண் மட்டுமே 5 மில்லிகிராம் காரீயத்தைக் கொண்டுவந்திருக்கும். இலையில் மொத்தம் 6 என்று கருவி காட்டியிருந்தால், வேர் வழியாக வந்திருக்கக்கூடியது 1 மட்டும்தான்! ஒரு எச்சரிக்கை: டைட்டானியக் கனிமங்கள் நைட்ரிக் அமிலத்துக்கு எளிதில் அசைந்து கொடுக்காது, ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையோ தேவைப்படும். சாப்பிடுபவருக்கு ஒட்டிய மண்ணும் ஆபத்துதான், ஆனால் அதற்கான தீர்வு வேறு: நன்றாகக் கழுவுவது, தரையை மூடாக்கு போட்டு மூடிவைப்பது. எந்த வழியாக வந்தது என்று தெரியாமல் தீர்வு சொல்ல முடியாது.

கழுவிய இலையை 60, 70 டிகிரி சூட்டில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்திப் பொடிக்கிறார்கள். எஃகு அரவை இயந்திரம் குரோமியத்தையும் நிக்கலையும் உதிர்த்துவிடும் என்பதால் அகேட் கல் உரல் நல்லது. அரை கிராம் பொடியை மூடிய டெஃப்லான் குடுவையில் நைட்ரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடோடு மைக்ரோவேவில் சூடாக்கினால் தெளிந்த திரவம் கிடைக்கும். இலையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் இருந்தால், அரை கிராமில் இருப்பது அரை மைக்ரோகிராம். 50 மில்லியாக நீர்த்தபின் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவில் சரியாகக் கழுவாத ஒரு குடுவையே முடிவைக் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கே உரிய அலைநீள ஒளியை உறிஞ்சும், காட்மியத்துக்கு 228.8 நானோமீட்டர். இதை வைத்து அளக்கும் அணு உறிஞ்சல் முறையை 1955இல் ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் அறிமுகப்படுத்தினார். இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் ஐசிபி-எம்எஸ் கருவி. அது ஆயிரக்கணக்கான டிகிரி சூடான ஆர்கான் பிளாஸ்மாவில் திரவத்தைத் தூவி, அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. அதுவும் ஏமாறும். ஆர்சனிக்கின் நிறை 75, ஆர்கான் 40, குளோரின் 35, இவை இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் 75. குளோரின் இருக்கும் மாதிரியில் இல்லாத ஆர்சனிக் இருப்பதாகத் தோன்றும். இந்தப் போலிக் கூட்டை வடிகட்ட ஹீலியம் வாயு நிரம்பிய அறை வழியாக அயனிகளை அனுப்புகிறார்கள்.

நம்பகத்தன்மைக்கு இரண்டு சோதனைகள். இலையே போடாத வெற்றுக் குடுவையை அதே பாதையில் அனுப்புவது ஒன்று. உலோக அளவு முன்கூட்டியே சான்றளிக்கப்பட்ட தக்காளி இலைப்பொடி போன்ற ஒன்றை அனுப்பி, அதே எண் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. இவை இல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

கடைசியில் இலையின் அளவை மண்ணின் அளவால் வகுத்தால் கடத்தல் காரணி. இந்த எண்ணை ஒரு செடியின் மாறாத குணம் மாதிரி பலர் எடுத்தாளுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்ணில் உலோகம் ஏற ஏற இந்தக் காரணி பொதுவாக இறங்கும், பிஎச் மாறினால் மாறும். தொட்டியில் வேர் முழுக்க அந்த மண்ணுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் வயலைவிடத் தொட்டியில் அதிகமாக வரும்.

எடைக் கணக்கு இன்னொரு பள்ளம். மண்ணோடு ஒப்பிடும்போது உலர் எடை, உணவுக்கான வரம்போடு ஒப்பிடும்போது பச்சை எடை. இலைக் காய்கறிகளில் காட்மியத்துக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அது பச்சை எடையில். உலர் எடையில் 1.5 வந்த ஒரு கீரையில் 92 சதவீதம் தண்ணீர் என்றால், பச்சை எடையில் அது 0.12, வரம்புக்குள்தான். 1.5ஐ நேராக 0.2க்குப் பக்கத்தில் வைத்தவர் ஏழரை மடங்கு மீறல் என்று பீதியைக் கிளப்புவார். எண்ணுக்குப் பக்கத்தில் உலர் எடையா பச்சை எடையா என்று எழுதாமல் விட்டிருந்தால், அதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன்.