நனோ: 'நுண்' என்றால் போதுமா?

தமிழ்நாட்டில் நானோ, நம் இலங்கைப் பாடப்புத்தகங்களில் நனோ. இரண்டும் ஒன்றுதான். கிரேக்கத்தில் 'நானொஸ்' என்றால் குள்ளன். நம்மிடமும் குள்ளனுக்குக் குறளன் என்ற பழைய பெயர் உண்டு. ஈரடிக் குறளுக்கும் அந்தக் குறுமைதான் பெயர் தந்தது. 1960இல் நனோ என்ற முன்னொட்டு அனைத்துலக அளவை முறைக்குள் வந்தது. மீற்றரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு நனோமீற்றர். ஒரு பக்கமாவது 1 முதல் 100 நனோமீற்றருக்குள் இருந்தால் அது நனோபொருள்.

இதைச் சிலர் 'நுண்பொருள்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 'நுண்' ஏற்கெனவே மைக்றோவுக்குப் போய்விட்டது. மைக்றோவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நனோ. குடிதண்ணீரில் அந்த வித்தியாசம் விளையாட்டில்லை.

மலையில் ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்தான் பீலி. அதன் வாயில் துணி கட்டித் தண்ணீர் பிடிக்கிறோம். சருகும் மணலும் துணியில் நின்றுவிடும். ஒரு மைக்றோமீற்றருக்குக் கிட்டத் துளையுள்ள பீங்கான் வடிகட்டி பெரும்பாலான பற்றீரியாவையும் நிறுத்தும். ஆனால் 2007இல் கம்பளையில் பரவிய மஞ்சள் காமாலைக்குக் காரணமான ஹெபடைற்றிஸ் ஏ வைரசு சுமார் 27 நனோமீற்றர்தான். அந்தத் துளையில் அது தாராளமாகப் போய்வரும்.

சரி, நனோபொருள் சல்லடை வேலை மட்டுமா செய்கிறது? இல்லை. பெரிய இலைத் தேயிலை மெதுவாகத்தான் சாயம் விடும். டஸ்ட் போட்டவுடன் கறுக்கும். பொடியாகப் பொடியாகத் தண்ணீர் படும் பரப்பு கூடுகிறது. ஒரு சென்ரிமீற்றர் கனக்கட்டியை ஒரு நனோமீற்றர் கட்டிகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 6000 சதுர மீற்றர், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். ஒரு கட்டிக்குள் அவ்வளவு தேயிலை மலை! இரும்பு ஒட்சைட்டு நனோதுணிக்கைகள் தண்ணீரிலுள்ள ஆசனிக் நஞ்சைப் பிடித்துவைப்பது இந்தப் பரப்பில்தான். நனோவெள்ளி வேறு வகை: அதிலிருந்து கசியும் வெள்ளி அயன்கள் (மின்னேற்றமுள்ள அணுக்கள்) பற்றீரியாவின் மென்சவ்வைக் கெடுக்கின்றன.

அப்புறம், தமிழ்ச் சொல்? ஓசை ஒத்துவருகிறதே என்று 'நனி' என்று வைத்தால் வம்பு. நனி என்றால் 'மிக'. நான் 'மீநுண்' பக்கம். மீ என்றால் மேல், அப்பால், நுண்ணுக்கும் அப்பால். மீநுண்பொருள், மீநுண்வடிகட்டி என்று சிரமமில்லாமல் சேரும்.

கடையில் வடிகட்டிப் பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும், துளை எத்தனை நனோமீற்றர் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.