படுக்கை காலி, டிக்கெட் மட்டும் வெயிட்டிங்

சென்னை எழும்பூரில் இருந்து திருநெல்வேலிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் நீங்கள் எடுத்த டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுபோய்விட்டது. அதே ரயிலில் போய் வந்தவர் சொல்கிறார்: "எங்க பெட்டியில ஒரு பெர்த் திருச்சி வரைக்கும் சும்மாதான் கெடந்துச்சு. இன்னொண்ணு திருச்சிக்கு அப்புறம் காலி." கேட்கும்போது வயிறு எரியும். யாரோ காசு வாங்கிக்கொண்டு ஏதோ செய்துவிட்டார்கள் என்று தோன்றும். யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே இப்படி நடக்க முடியும் என்பதுதான் படுக்கை ஒதுக்கீட்டில் உள்ள வேடிக்கை.

முதலில் பெட்டியைப் பார்த்துவிடுவோம். பெரம்பூர் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வடிவமைப்பில் வந்த பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த். இப்போது ஓடும் எல்.எச்.பி. என்ற ஜெர்மன் வடிவமைப்பு ஸ்லீப்பரில் 80. இரண்டிலுமே எட்டெட்டாகத்தான் அடுக்கியிருக்கிறார்கள். உங்கள் பெர்த் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 என்றால் லோயர்; 2, 5 மிடில்; 3, 6 அப்பர்; 7 சைடு லோயர்; மீதி இல்லையென்றால் சைடு அப்பர். 39-ஆம் எண் கிடைத்தால் ஜன்னலோரம் சைடு லோயர் என்று பெட்டியில் ஏறாமலே சொல்லிவிடலாம்.

ரயில்வே விற்பது முழு இரவுக்கான பெர்த் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது விற்பது பெர்த்தின் ஒரு துண்டை. 15 நிலையங்களில் நிற்கும் ரயிலில் ஏறும் இடம், இறங்கும் இடம் என்று 105 வகையான பயணங்கள் சாத்தியம். ஒரே பெர்த்தை சென்னையில் இருந்து திருச்சி வரை ஒருவருக்கும், திருச்சியில் இருந்து நெல்லை வரை இன்னொருவருக்கும் கொடுக்கலாம். தையற்காரர் துணி வெட்டுவது போன்ற வேலை இது. யோசித்து வெட்டினால் மிச்சம் விழாது. கண்டபடி வெட்டினால் எதற்கும் உதவாத துண்டுகள்தான் மிஞ்சும்.

சின்னக் கணக்கு ஒன்று. இரண்டே இரண்டு பெர்த். ஒருவர் சென்னை–திருச்சி கேட்கிறார். முதல் பெர்த்தைக் கொடுத்தாயிற்று. அடுத்தவர் மதுரை–நெல்லை கேட்கிறார். அவருக்கு இரண்டாவது பெர்த்தைக் கொடுத்தால், மூன்றாவதாக வந்து சென்னை–நெல்லை கேட்பவருக்கு இடம் கிடையாது. பாதையில் எந்த இடத்தில் எட்டிப் பார்த்தாலும் ஒரு பெர்த்தாவது காலியாகத்தான் இருக்கும், ஆனாலும் அவர் வெயிட்டிங். இரண்டாமவரையும் முதல் பெர்த்திலேயே போட்டிருந்தால் மூன்று பேரும் படுத்துக்கொண்டே போயிருப்பார்கள்.

எல்லோருடைய பயணமும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் இந்தச் சிக்கல் சுலபம். ஏறும் நிலையத்தின் வரிசைப்படி பயணிகளை நிறுத்துங்கள். ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் காலியாக உள்ள ஏதாவது ஒரு பெர்த்தைக் கொடுங்கள். காலியே இல்லையென்றால் மட்டும் புதிய பெர்த்தைத் தொடுங்கள். புதிதாக ஒன்றைத் தொடுகிறீர்கள் என்றால், அந்த நிலையத்தில் ஏற்கெனவே தொட்ட எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறது என்று பொருள். ஆகவே, ரயிலில் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் இருப்பார்களோ அத்தனை பெர்த் போதும், ஒன்றுகூட வீணாகாது. இவ்வளவு அழகாக முடியும் கணக்குகள் குறைவு.

சரி, அப்படியே செய்துவிட வேண்டியதுதானே? செய்ய முடியாது. நாம் ஏறும் வரிசையில் டிக்கெட் எடுப்பதில்லை. 60 நாள் முன்னால் ஒருவர், நேற்று ஒருவர் என்று எடுக்கிறோம். எடுத்த கையோடு பெட்டி எண்ணும் பெர்த் எண்ணும் வேண்டும் என்கிறோம். அடுத்து யார் வரப்போகிறார் என்று தெரியாமலேயே கணினி வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜோன் போயர், கிம் லார்சன் என்ற கணினி அறிவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ரயில் இருக்கை முன்பதிவையே இப்படி ஒரு கணிதச் சிக்கலாக எடுத்து அலசியது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அத்தனை பேருக்கும் இடம் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், வரும் வரிசையிலேயே எண்ணைக் கொடுத்து, இடம் இருந்தால் யாரையும் மறுக்காத முறையில், குறைந்தபட்சம் பாதிப் பேருக்கு இடம் உறுதி என்றுதான் சொல்ல முடியும். நடைமுறையில் இவ்வளவு மோசமாகப் போகாது. ஆனால் இழப்பு என்று ஒன்று இருக்கவே செய்யும்.

இந்திய ரயில்வே இதை இரண்டு விதமாகச் சமாளிக்கிறது. ஒன்று கோட்டா. 1980-களின் நடுவில் முன்பதிவு கணினிக்கு வருவதற்கு முன், ரயிலுக்கும் தேதிக்கும் தனித்தனிப் பேரேடு வைத்துக் கையால் எழுதினார்கள். ஒவ்வொரு பெரிய நிலையத்துக்கும் இத்தனை பெர்த் என்று பிரித்துக் கொடுத்துவிடுவது அன்றைக்கு வேறு வழியில்லாத ஏற்பாடு. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் இணைக்கப்பட்டு எங்கிருந்தும் எந்த ரயிலுக்கும் எடுக்கலாம் என்றான பிறகும் அந்தப் பிரிவினை வேறு வடிவங்களில் தொடர்கிறது. ரயில் கிளம்பும் இடத்தில் இருந்து கடைசி வரையோ அதற்குச் சற்று முன்பு வரையோ போகிறவர்களுக்குப் பொதுக் கோட்டா. நடுவில் ஏறி நடுவிலேயே இறங்குபவர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சின்னதாக ஒரு தொகுப்புக் கோட்டா. குறிப்பிட்ட சில இடைநிலையங்களுக்குத் தனி ஒதுக்கீடு. பெர்த்தைத் துண்டாக்கும் இடைப் பயணிகளை ஒரு மூலையில் நிறுத்திவைத்தால் மற்ற பெர்த்கள் முழுசாக இருக்கும் என்பது இதன் தர்க்கம். வெயிட்டிங் லிஸ்டும் இதே மாதிரி பிரிந்திருப்பதால்தான் பொதுப் பட்டியலில் 20-ஆம் எண் உறுதியாகிவிடும் அதே ரயிலில் தொகுப்புப் பட்டியலின் 5-ஆம் எண் அசையாமல் நிற்கும். சின்னக் கோட்டாவில் ரத்தாகும் டிக்கெட்டும் குறைவுதானே.

இன்னொரு வழி, முடிவைத் தள்ளிப்போடுவது. ஆர்.ஏ.சி. என்ற, யாராவது ரத்து செய்தால் படுக்கை தரும் டிக்கெட்டின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. 7, 15, 23 என்று போகும் சைடு லோயர்களில் ஒன்றில் இரண்டு பேரை உட்கார வைக்கிறார்கள். பயணம் உறுதி, படுக்கை மட்டும் உறுதியில்லை. யாராவது ரத்து செய்தால் இவர்களில் ஒருவர் முழு பெர்த்துக்குப் போவார், வெயிட்டிங்கில் இருப்பவர் ஆர்.ஏ.சி.க்கு வருவார். விமான நிறுவனங்களும் இருக்கும் இடத்தைவிடக் கூடுதலாக விற்கின்றன. எல்லோரும் வந்துவிட்டால் யாரையாவது வாசலிலேயே நிறுத்த வேண்டியிருக்கும். ஆர்.ஏ.சி.யில் அந்தக் கொடுமை இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க முன்பின் தெரியாதவரோடு காலை மடக்கி உட்கார்ந்து போவதற்கும் முழுக் கட்டணம் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. முதல் வகுப்பு ஏசியில் தள்ளிப்போடுவது இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே எந்த அறை, எந்தப் படுக்கை என்பதே சார்ட், அதாவது பயணிகளின் இறுதிப் பட்டியல், போடும்போதுதான் முடிவாகும்.

இதற்கு நடுவே சமூக வலைத்தளங்களில் அடிக்கடி சுற்றும் ஒரு கதையையும் சொல்லிவிடலாம். ரயில் வளைவில் கவிழாமல் இருக்கத்தான் கணினி முதலில் நடுப்பெட்டியின் லோயர் பெர்த்களை நிரப்புகிறதாம். கேட்க அறிவியல் போலவே இருக்கும். எடையைப் போட்டுப் பாருங்கள். எல்.எச்.பி. பெட்டி மட்டுமே சுமார் 40 டன். ஆளுக்கு 65 கிலோ என்றால் 80 பேரும் சேர்ந்து 5.2 டன்தான். யார் எந்தப் பெர்த்தில் படுத்தால் என்ன? அதே ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டிகள் எந்தக் கணக்கும் இல்லாமல் பிதுங்கிக்கொண்டு பத்திரமாகத்தான் ஓடுகின்றன. லோயர் பெர்த்துக்கு உண்மையில் இருக்கும் விதி வேறு. தனியாகவோ இருவராகவோ போகும் மூத்த குடிமக்களுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் என்று ஸ்லீப்பர் பெட்டி ஒவ்வொன்றிலும் ஆறேழு லோயர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பேரன் பேத்தியோடு நான்கு பேராக ஒரே டிக்கெட்டில் எடுத்தால் தாத்தாவுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. பலருக்கு இது தெரியாது.

கடைசியில் சார்ட். பல காலம் ரயில் கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போது போட்டார்கள்; 2025-இல் அதை இன்னும் முன்னுக்கு நகர்த்தினார்கள். அதுவரை தனித்தனியாக இருந்த கோட்டாக்களில் விற்காமல் மிஞ்சியவை எல்லாம் இந்த நேரத்தில் ஒன்றாகக் கலக்கும். அவசரக் கோட்டாவும் அப்போதுதான் தீர்மானமாகும். ஆர்.ஏ.சி., வெயிட்டிங் இரண்டிலும் உள்ளவர்களுக்கு அதுவரை முழு பெர்த் எதையும் குறித்துக் கொடுக்கவில்லை என்பதால் அவர்களை எந்த இடைவெளியிலும் பொருத்தலாம். மேலே சொன்ன அந்த அழகான கணக்குக்கு ரயில்வே அதிகபட்சம் நெருங்கிவரும் நேரம் இதுதான். முன்பே எண் வாங்கி உறுதியானவர்களை மட்டும் அசைக்க முடியாது. அதற்கும் பிறகு மிஞ்சுகிற துண்டுகள் கிளம்புவதற்குச் சற்று முன்புவரை கரன்ட் புக்கிங்கில் போகும். ஆள் ஏறாத பெர்த்தை டிக்கெட் பரிசோதகர் தன் கைக்கருவியில் குறித்ததும் அது ஆர்.ஏ.சி. வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போகும். நடுவில் காலியாகும் பெர்த் வழியில் வரும் நிலையத்தின் கணக்கில் சேரும். எழும்பூரில் ஆர்.ஏ.சி.யில் உட்கார்ந்தவர் விழுப்புரம் தாண்டியதும் நீட்டிப் படுப்பது இப்படித்தான்.