ஆக்ட்ராய்: நகர வாசலில் வாங்கிய வரிக்கு நம் சொல் எது?

மும்பை முடிந்து தாணே தொடங்கும் இடத்துக்கு முலுண்ட் செக் நாகா (நாகா என்றால் சாவடி) என்று பெயர். 2017 ஜூன் 30 நள்ளிரவு வரை அங்கே லாரிகள் வரிசைகட்டி நின்றன. தஹிசரிலும் மான்குர்திலும் ஐரோலியிலும் அதே நிலைதான். நகருக்குள் வரும் சரக்குக்கு மாநகராட்சி வாங்கிய வரி அது. கோப்புகளில் அதன் பெயர் ஆக்ட்ராய், மராத்தியில் ஜகாத். இஸ்லாமியர் கடமையாகக் கொடுக்கும் அதே ஜகாத் என்ற அரபுச் சொல்தான், வழியில் பொருள் மாறி வாசல் வரியாகிவிட்டது.

எந்தச் சரக்குக்கு வரி என்பதில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. நுகர்வுக்காக, பயன்பாட்டுக்காக, விற்பனைக்காக உள்ளாட்சி எல்லைக்குள் நுழையும் பொருளின் மீதான வரி என்று அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 52ஆம் பதிவு அதை வரையறுத்திருந்தது. நகரைக் கடந்து வேறு ஊருக்குப் போகும் சரக்கு இதில் சேராது. ஆனால் ‘இது கடந்துபோகும் சரக்கு’ என்று மெய்ப்பிக்கவும் அதே நாகாவில்தான் நிற்க வேண்டும். சரக்கு லாரியின் நேரம் தின்னப்பட்டது இப்படித்தான்.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. எட்டைக் குறிக்கும் ‘ஆக்ட்’டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘ஒக்த்ருவாயே’ என்றால் அருளி வழங்குதல், அனுமதித்தல். அதற்கு மூலம், அதிகாரம் அளிப்பதைக் குறித்த இடைக்கால லத்தீன் வினை. வரி வாங்கிக்கொள்ளும் உரிமையை மன்னர் ஒரு நகருக்கு வழங்கினார். வழங்கியதன் பெயர் நாளடைவில் வாங்கியதன் பெயராயிற்று.

பாரிஸ் இந்த வரிக்காகவே ஒரு மதில் கட்டிய நகரம். 1784இல் தொடங்கிச் சுமார் 24 கிலோமீட்டருக்கு எழுந்த அந்தச் சுவர் பகைவரைத் தடுக்க அன்று; வரி கட்டாமல் மது பீப்பாய் உள்ளே போவதைத் தடுக்க. மக்கள் கொதித்தார்கள். 1789 ஜூலையில் பாஸ்டில் சிறை வீழ்வதற்கு முந்தைய நாட்களிலேயே அதன் வாயிற்சாவடிகளுக்குத் தீ வைத்தார்கள். 1791இல் ஒழிக்கப்பட்ட வரி 1798இல் திரும்பி வந்து, 1943 வரை பிரான்சில் நீடித்தது. சுவருக்கு வெளியே மது மலிவு என்பதால் அங்கே மதுக்கடைகளும் ஆட்டபாட்ட விடுதிகளும் பெருகின.

மும்பையை ஒட்டிய பிவண்டியைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாரிஸ்தான் நினைவுக்கு வருகிறது. நகராட்சி எல்லைக்கு வெளியே, கிராம ஊராட்சி நிலங்களில், கிடங்குகள் மைல் கணக்கில் பரவியதற்கு ஆக்ட்ராய் இல்லாததும் ஒரு முக்கியக் காரணம். ஒரு வரி எங்கே நிற்கிறதோ அதைச் சுற்றி வணிகம் வழி மாறி ஓடுகிறது. ஊரின் உருவமே மாறிவிடுகிறது.

ஆனாலும் இதை வெறும் தொல்லை என்று தள்ள என்னால் முடியவில்லை. கடைசி ஆண்டுகளில் மும்பை மாநகராட்சிக்கு இதிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் வந்தது. சொத்து வரியைவிட மிகுதி. வணிகம் வளர்ந்தால் வரியும் தானே வளரும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 101ஆவது திருத்தத்தில் 52ஆம் பதிவு நீங்கியது. ஜிஎஸ்டி வந்ததும் வரியும் நின்றது. இப்போது மாநில அரசு ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டி இழப்பீடு தருகிறது. பணம் வருகிறது, விகிதத்தை முடிவு செய்யும் கை நகரத்துடையதாக இல்லை. ஆக்ட்ராய் என்ற சொல்லின் முதற்பொருள், மேலிருந்து வழங்கப்படுவது, இன்றைய இழப்பீட்டுக்கே மெத்தப் பொருந்துகிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘நுழைவு வரி’ என்று எழுதுகிறார்கள். நான் எழுத மாட்டேன். வெளியிலிருந்து வந்த வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசு வாங்கியதும் நுழைவு வரிதான். ஆக்ட்ராயோ உள்ளாட்சியின் வரி. யாருடைய கருவூலத்துக்குப் போகிறது என்ற வேறுபாட்டை மறைக்கும் சொல் சரியான சொல் ஆகாது. ‘சுங்கம்’ நல்ல பழஞ்சொல். முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர். ஆனால் இன்று துறைமுகத்துக்குச் சுங்கத் துறை, நெடுஞ்சாலைக்குச் சுங்கச்சாவடி என்று அதன் தலையில் இரண்டு சுமை.

மிஞ்சுவது ‘உல்கு’. ‘உறுபொருளும் உல்குபொருளும்’ என்று குறள் (756) வேந்தனின் வருவாயைச் சொல்கிறது. பரிமேலழகர் அதைச் சுங்கம் என்று விளக்கி, கலத்திலும் காலிலும் வரும் பண்டங்களுக்கு உரிய இறை, அதாவது வரி, என்கிறார். கப்பலில் வருவது மட்டும் அன்று, தரைவழி வருவதும் உல்குக்கு உரியது. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகச் சாத்து செல்லும் பாதைக்கு ‘உல்குடைப் பெருவழி’ என்றே பெயர். வில்லேந்தியவர்கள் அதைக் காக்கிறார்கள். வரிச் சாவடியும் காவலும் கொண்ட சாலை அது. உல்கின் வேரை வடமொழி ‘சுல்க’த்தோடு இணைப்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. சங்க நூல்களிலேயே பழகிய சொல் என்பது எனக்குப் போதும்.

நகரத்துக்கு உரிய உல்கு என்பதால் நகருல்கு. வாங்கிய இடம் உல்குச் சாவடி. ‘மும்பை மாநகராட்சி 2017 வரை நகருல்கு வாங்கியது’ என்று எழுதலாம். முதல்முறை எழுதும்போது பக்கத்தில் ஆக்ட்ராய் என்றும் குறித்துவிட்டால் வாசகர் தடுமாற மாட்டார்.