சந்தை உழைக்கும் காசில் சந்தைக்கும் ஒரு பங்கு

மாரி தொடங்கினால் போதும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் சந்தைகளிலிருந்து ஒரே முறைப்பாடுதான் வரும்: கூரை ஒழுகுகிறது, தரையில் தண்ணீர் நிற்கிறது, மரக்கறி அழுகுகிறது. உள்ளூராட்சி மன்றங்களின் கட்டட வேலைகளுக்கு மதிப்பீடு போடுவது என் தொழில். ஏணி வைத்து ஒரு பழைய சந்தையின் கூரையில் ஏறும் ஒவ்வொரு தடவையும் மனம் சங்கடப்படுகிறது. சில ஆயிரம் ரூபாவோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கவனிப்பாரில்லாமல் பல இலட்சமாக வளர்ந்து நிற்கும்.

கூரைத் தண்ணீரை வடிக்கும் பீலியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சந்தைகள் பெரும்பாலும் ஒரே தடவையில் கட்டி முடித்தவை அல்ல. முதலில் ஒரு மண்டபம், பிறகு பக்கத்தில் இன்னொன்று, அதன் பின்னால் மீன் பகுதி என்று ஒட்டி ஒட்டிக் கட்டியிருப்பார்கள். இரண்டு கூரைகள் சேரும் இடத்தில் ஒரு தகரப் பீலி ஓடும். அதற்குள் கையை விட்டால் வேப்பஞ்சருகு, வெங்காயத் தோல், சொப்பிங் பேக், காகம் கொண்டுவந்து போட்ட மீன் முள் எல்லாம் கறுத்த சேறாகக் கையோடு வரும். மழைத் தண்ணீர் குழாயால் இறங்க வழியில்லாமல் சுவர்ப்பக்கமாக வழியும். முதலில் கைமரத்தின் நுனி உக்கும். அப்புறம் தண்ணீர் கொங்கிரீட் தீராந்தியின் வெடிப்புக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும். எங்கள் கரையோரக் காற்றில் உப்பு வேறு. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். ஒருநாள் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி விழும். அன்றைக்குத்தான் கட்டடம் ஆபத்தானது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்ற பேச்சு எழும். அந்தப் பீலியை வருடத்துக்கு இரண்டு தரம் துப்புரவாக்கியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

இடிக்கவும் கட்டவும் காசு கிடைக்கும். மத்திய அமைச்சு, மாகாணத்துக்கான குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை, நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, வெளிநாட்டு உதவித் திட்டம் என்று ஏதாவது ஒரு வழி திறக்கும். 1978 சூறாவளிக்குப் பிறகும் 2004 சுனாமிக்குப் பிறகும் எங்கள் கரையில் எத்தனையோ பொதுக் கட்டடங்கள் இப்படித்தான் எழும்பின. பெயர்ப்பலகை திறக்கலாம், படம் எடுக்கலாம். பீலி துப்புரவாக்குவதற்கு யார் பெயர்ப்பலகை வைப்பார்?

வெளியிலிருந்து வரும் நிதியில் கிழக்குக்கென்று இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எங்கள் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒதுக்கீடு வந்து, மதிப்பீடு ஒப்புதலாகி, விலைமனு கோரி, ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுக்கும்போது பெரும்பாலும் ஐப்பசி பிறந்துவிடும். டிசம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். ஆகவே வடகீழ்ப் பருவமழை கொட்டும் நேரத்தில் கூரையைக் கழற்றுகிறோம். மேலே படங்கு கட்டி, கீழே வியாபாரம் நடக்க, நனைந்த சுவருக்குப் பூச்சுப் பூசிய வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பூச்சு அடுத்த மாரி வரை நிற்கவில்லை. கூரை வேலைக்கு எங்கள் பக்கத்தில் உகந்த காலம் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள், வைகாசி முதல் ஆவணி வரை. அந்த நேரத்தில் கையில் காசு இருக்க வேண்டுமென்றால் அது உள்ளூராட்சிச் சபையின் சொந்தக் காசாகத்தான் இருக்க வேண்டும்.

சொந்தக் காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சந்தையே உழைக்கிறது. கடை வாடகை வருகிறது. தரையில் வைத்து விற்பவர்களிடம் நாள் கட்டணம் எடுக்கும் உரிமையை வருடாவருடம் குத்தகைக்கு விடுகிறார்கள், அதுவும் வருமானம். ஆனால் எல்லாம் சபையின் பொது நிதியத்தில் போய்ச் சேர்ந்து, சம்பளத்துக்கும் குப்பை வண்டி டீசலுக்கும் தெருவிளக்குக்கும் கரைந்துவிடும். அவையும் தேவையான செலவுகள்தான், மறுக்கவில்லை. குத்தகைக்காரருக்கோ ஒரு வருடம்தான் கணக்கு. அடுத்த வருடம் இன்னொருவர் எடுத்தால் அவர் ஏன் வடிகானைத் தோண்ட வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சந்தையில் 60 கடை, கடைக்கு மாத வாடகை 3,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 21 இலட்சத்து 60 ஆயிரம். அதில் பத்திலொன்று 2 இலட்சத்து 16 ஆயிரம். சித்திரைக்குப் பிறகு ஒருமுறை, மாரிக்கு முன் ஒருமுறை பீலியும் வடிகானும் துப்புரவு, உடைந்த தகடு மாற்றுவது, இரும்புக்குத் துருத் தடுப்புப் பூச்சு, பழுதான வயர் மாற்றுவது என்று வருடாந்தப் பராமரிப்பைத் தொடங்க இது ஒரு நல்ல கைமுதல். சபை ஒரு தீர்மானம் எடுத்து, இந்தப் பங்கை வரவு செலவுத் திட்டத்தில் சந்தைப் பராமரிப்பு என்று தனித் தலைப்பில் வைத்து, வருட முடிவில் மிஞ்சுவதையும் அதே தேவைக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். பெரிய வேலையென்றால் 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான உள்ளூர்க் கடன்கள் மற்றும் அபிவிருத்தி நிதியத்திடம் சபை கடன் கேட்கலாம். ஒழுங்காக வரவு வைத்திருக்கும் சந்தைக்குக் கடன் கேட்பது எளிது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பைக் பிளேஸ் என்ற சந்தை 1907இல் தொடங்கியது. விவசாயிகள் தங்கள் விளைச்சலை இடைத்தரகர் இல்லாமல் விற்பதற்காக வந்த சந்தை அது. 1971இல் அதை இடித்து நவீன கட்டடம் கட்டும் திட்டத்தை நகர மக்களே வாக்களித்துத் தடுத்தார்கள். தரையை மாற்றக் காசு தேவைப்பட்டபோது, 1980களில், 35 டொலர் கொடுத்தால் உங்கள் பெயர் பொறித்த தரை ஓடு ஒன்று பதிப்போம் என்றார்கள். ஆயிரமாயிரம் பேர் கொடுத்தார்கள்; அந்தப் பெயர்களின் மேல்தான் இன்றும் சனம் நடக்கிறது. 2008இல் தண்ணீர்க் குழாய், மின்சாரம், பூமியதிர்ச்சிப் பாதுகாப்பு என்று பெரிய திருத்தம் வந்தபோது, ஆறு வருடத்துக்கு ஆதன வரியில் மேலதிகமாகச் செலுத்தி 7 கோடியே 30 இலட்சம் டொலர் திரட்ட மக்கள் வாக்களித்துச் சம்மதித்தார்கள். எங்கள் சபைகளால் அப்படி வரி கேட்க முடியாது. வாங்கும் சனத்திடமும் இப்போது காசில்லை. ஆனால் எந்தக் காசு எந்த வேலைக்கு, எத்தனை வருடத்துக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்டார்களே, அதை நாங்கள் நாளைக்கே செய்யலாம். சந்தை வாசலில் ஒரு பலகை: இந்த வருட வரவு இவ்வளவு, பராமரிப்புக்கு வைத்தது இவ்வளவு, செய்த வேலை இது. வாடகை கூட்டும்போது வரும் சண்டையில் பாதி அந்தப் பலகையால் குறையும்.

பழைய கட்டடத்தில் கைவைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட நினைவுச்சின்னங்களைத்தான் பெரும்பாலும் நினைத்து எழுதப்பட்டது. எங்கள் சந்தைகள் அதற்கு மிகவும் பிந்தியவை. ஆகவே அவற்றின் பழமையைக் காப்பது முதன்மையாகச் சபையின் கையிலும் ஊரின் கையிலும் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சீமெந்துப் பூச்சுப் பூச வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்போடு சேர்ந்து செங்கல்லைத் தின்னும். பழைய அஸ்பெஸ்டோஸ் தகட்டை உடைத்து எறிவதும் உலர்ந்தபடி அறுப்பதும் கூடாது. நனைத்து, முழுத் தகடாக இறக்குங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. வேலை ஒழுங்கு முக்கியம்: முதலில் கூரையும் பீலியும், பிறகு வடிகான், பிறகு மின்சாரம், பிறகு தரை. வர்ணம் கடைசியில். புதுப்பித்தல் என்ற பெயரில் முதலில் வர்ணம் பூசும் சபைகளைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. புதிதாக ஏதாவது சேர்க்கக் காசு இருந்தால், முதலில் பெண்களுக்கு உள்ளே பூட்டக்கூடிய, தண்ணீர் உள்ள கழிப்பறை கட்டுங்கள். விடியுமுன் பஸ்ஸேறி வருபவர்கள் மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். காரணம் உங்களுக்கே தெரியும்.

மதிப்பீட்டில் இடம்பெறாத ஒரு விடயம்தான் எனக்கு அதிகக் கவலை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்து கடலோரப் பக்கமான எழுவான்கரைக்குக் கத்தரிக்காய், பயற்றங்காய், கீரை, தயிர்முட்டி கொண்டுவருபவர்கள் பலருக்குக் கடை கிடையாது. தரையில் சாக்கு விரித்த இடம்தான் கடை. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் இதே நிலைதான். கடைக்காரரிடம் உடன்படிக்கை இருக்கும். இவர்களிடம் அன்றைய கட்டணத் துண்டு மட்டும். திருத்த வேலைக்காகச் சந்தையைத் தெருவோரம் மாற்றுவார்கள். வேலை முடிந்து திரும்பும்போது, தரை இருந்த இடத்தில் ஷட்டர் போட்ட கடைகள் நிற்கும், முற்பணம் கட்டியவர்களுக்கு. நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது கீரைக்காரப் பெரியம்மா ஒருவர், “மனே, கூரை போட்ட பிறகு எங்கட இடம் எங்களுக்குக் கிடைக்குமா?” என்று கேட்டார். கொப்பியில் நீள அகலம் எல்லாம் எழுதியிருந்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

விவசாயிகள் இல்லாவிட்டால் அது கடைத்தொகுதி, சந்தை அல்ல. ஆகவே வியாபாரிகள் சங்கங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் சொல்கிறேன்: சபைகள் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்குமுன், ஆவணி புரட்டாதியிலேயே எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். சந்தை வருமானத்தில் எத்தனை பங்கு பராமரிப்புக்கு என்று கேளுங்கள். திட்டத்தின் வரைவைப் போய்ப் பாருங்கள். கடந்த வருட வருமானம், மதிப்பீடு, ஒப்பந்தம் எதுவானாலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

அதோடு, வேலை தொடங்குமுன் தரை வியாபாரிகளின் பட்டியலை எடுங்கள். பெயர், ஊர், விற்கும் பொருள், எத்தனை வருடமாக இருக்கிறார், உட்காரும் இடத்தின் அளவு, அந்த இடத்தில் அவர் இருக்கும் படம். நிலத்தில் சுண்ணாம்பால் எண் போட்டு, அதே எண்ணை வரைபடத்திலும் குறியுங்கள். சபைச் செயலாளரின் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, ஒப்பந்தப் பத்திரத்தோடு ஒரு பிரதியை இணைக்கச் சொல்லுங்கள். இன்னொரு பிரதி, கூரையின் முதல் தகடு கழற்றப்படுமுன், அந்தந்த வியாபாரியின் கையில் இருக்க வேண்டும்.