நடுக் கெழுவை யாரும் பார்ப்பதில்லை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண். அட்டவணை போட்டு, புள்ளிகளைக் குறித்து, இருபடிச் சமன்பாட்டின் வளைவான பரவளையத்தை மாணவர்கள் சுத்தமாக வரைந்துவிடுகிறார்கள். அவர்களிடமே நான்கு சமன்பாடுகளையும் நான்கு வரைபடங்களையும் கொடுத்து, எதற்கு எது என்று கேட்டுப் பாருங்கள். திணறுகிறார்கள். சமன்பாட்டைப் பார்த்ததும் வளைவின் உருவத்தை ஊகிக்க நாம் அவர்களைப் பழக்கவில்லை. கணித ஆசிரியராக எனக்கு இது பெரிய கவலை.

எக்ஸ்²-இன் கெழு, அதாவது அதற்கு முன் நிற்கும் எண், மிகை எண் என்றால் வளைவு மேல்நோக்கித் திறக்கும், குறை எண் என்றால் கீழ்நோக்கித் திறக்கும். எக்ஸ் இல்லாத கடைசி எண்ணான மாறிலி, ஒய் அச்சை வளைவு வெட்டும் இடத்தைச் சொல்லும். இவை பெரும்பாலோருக்குத் தெரியும். தடுமாற்றமெல்லாம் நடுவில் நிற்கும் எக்ஸ்-இன் கெழுவில்தான்.

எக்ஸ்² − 4எக்ஸ் + 3, எக்ஸ்² + 4எக்ஸ் + 3 என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுமே மேல்நோக்கித் திறக்கின்றன. இரண்டுமே ஒய் அச்சை 3-இல் வெட்டுகின்றன. கழித்தல் குறியைக் கண்டதும் பலர் இடப்பக்க வளைவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உண்மையில் முதலாவதன் முனை, அதாவது வளைவு திரும்பும் புள்ளி, வலப்பக்கம், (2, −1)-இல் இருக்கிறது. சரி, 'கழித்தல் என்றால் வலப்பக்கம்' என்று மனப்பாடம் செய்தால் போதுமா? போதாது. −எக்ஸ்² + 4எக்ஸ் − 3 என்பதில் நடுவில் கூட்டல் குறிதான், ஆனாலும் முனை வலப்பக்கமே, (2, 1)-இல்.

மனப்பாடத்துக்குப் பதில் காரணத்தைச் சொல்லிக்கொடுங்கள். எக்ஸ் = 0.1 என்றால் எக்ஸ்² வெறும் 0.01, ஆனால் 4எக்ஸ் 0.4. அதாவது ஒய் அச்சின் அருகே இருபடி உறுப்பு மிகச் சிறியது. வளைவின் போக்கை நடுக் கெழுவே முடிவு செய்கிறது. அது மிகை என்றால் வளைவு ஒய் அச்சை ஏறிக்கொண்டே கடக்கும், குறை என்றால் இறங்கிக்கொண்டே கடக்கும். மேல்நோக்கித் திறக்கும் வளைவு இறங்கிக்கொண்டே கடந்தால் அதன் அடிப்புள்ளி இனிமேல்தான் வர வேண்டும், எனவே முனை வலப்பக்கம். இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு முனையின் எக்ஸ் மதிப்பைத் தரும் −பி/2ஏ (ஏ முதல் கெழு, பி நடுக் கெழு) என்ற சூத்திரமும் எளிதில் மறக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வளைவு ஒடுக்கமா அகலமா என்று கண்ணால் பார்த்து முதல் கெழுவைச் சொல்லக் கூடாது. அச்சுகளின் அளவுத்திட்டம் மாறினால் தோற்றமும் மாறிவிடும். முனையிலிருந்து வலப்பக்கம் ஓர் அலகு சென்று, வளைவு எத்தனை அலகு ஏறியிருக்கிறது அல்லது இறங்கியிருக்கிறது என்று அச்சில் படியுங்கள். அந்த எண்தான் முதல் கெழு. இறங்கியிருந்தால் கழித்தல் குறியோடு.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள்: அட்டவணையைத் தொடங்கும் முன், வளைவு எப்படி இருக்கும் என்று வெறுந்தாளில் தோராயமாக வரையச் சொல்லுங்கள். −எக்ஸ்² − 2எக்ஸ் + 3 என்பதிலிருந்து தொடங்கலாம். ஒய் அச்சை 3-இல் இறங்கிக்கொண்டே கடக்கும், கீழ்நோக்கித் திறக்கும். ஆகவே முனை இடப்பக்கம் வர வேண்டும். அட்டவணை போட்டால் அது (−1, 4)-இல் கிடைக்கும்.